துபாயில் கடை வைக்கும் முன்

 

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவி கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் துபாயில் 14 ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். சொந்தக் கடை வைக்க ஆசைப்பட்டு, சேமிப்பையும் மனைவியின் நகைகளை விற்ற பணத்தையும் ஒரு கூட்டாளியிடம் கொடுத்தார். லைசென்ஸ் கூட்டாளியின் பெயரில் இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. “ஐந்து வேளையும் தொழுகிறவர், அவரிடம் போய்ப் பத்திரம் கேட்பதா?” என்று கூச்சப்பட்டாராம். இரண்டே ஆண்டில் மனஸ்தாபம் வந்தது. கடையும் போனது, முதலும் போனது.

‘முஸ்லிம் நாடுதானே, நமக்குத் தெரியாத பழக்கமா?’ என்ற எண்ணத்தோடுதான் நம்மவர்கள் பலர் அமீரகத்தில் வியாபாரத்தில் இறங்குகிறார்கள். மார்க்கம் ஒன்றுதான். ஆனால் வழக்கமும் சட்டமும் வேறு. அவற்றில் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

1. உபசாரம்: அரபியர் மஜ்லிஸில் முதலில் ஸலாம், நலம் விசாரிப்பு, பேரீச்சம்பழம், கஹ்வா. பிறகுதான் வியாபாரப் பேச்சு. உட்கார்ந்தவுடன் விலை பேசுவது அவசரக்காரன் என்ற பெயரைத் தரும். பொதுவாகக் குடும்ப நலம் கேட்கலாம். மனைவியைக் குறிப்பிட்டு விசாரிக்கக் கூடாது. நம் ஊரில் டம்ளர் தளும்ப ஊற்றுவது மரியாதை. அங்கே பிடியில்லாத சின்னக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மரியாதை. வலக்கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள்.

2. இன்ஷா அல்லாஹ்: எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது என்பதற்காக, அங்கே பலர் நேரடியாக ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘இன்ஷா அல்லாஹ்’ என்று கேட்டதுமே ஆர்டர் உறுதி என்று சரக்கை இறக்கிவிடாதீர்கள். எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம் என்று பணிவாகக் கேட்டு வாங்குங்கள். நாமும் அந்தச் சொல்லைச் சாக்குப்போக்குக்குப் பயன்படுத்தக் கூடாது.

3. நேரம்: 2022 ஜனவரி முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள் வேலை, சனி, ஞாயிறு விடுமுறை. ஷார்ஜாவில் வெள்ளியும் விடுமுறை. ரமளானில் தனியார் ஊழியருக்கும் தினம் 2 மணி நேரம் வேலை குறையும். அந்த மாதத்தில் அவசர ஒப்பந்தங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

4. செக்: கடை வாடகைக்கு ஓராண்டுக்கான பின்தேதியிட்ட செக்குகளை முன்கூட்டியே கொடுப்பது அங்கே வழக்கம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். 2022 முதல், பணமில்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்கு ஆவதில்லை. ஆனால் செக் வைத்திருப்பவர் தனி வழக்கு நடத்தாமல் நேரே வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். ஊர் திரும்பப் பயணத் தடை வரவும் கூடும்.

5. லைசென்ஸ்: முன்பு, ஃப்ரீ ஸோனுக்கு வெளியே தொடங்கும் கம்பெனிகளில் 51 சதவீதப் பங்கு அந்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராகலாம். ஆகவே ‘பிறர் பெயரில்தான் எடுக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால், அந்த எமிரேட்டின் பொருளாதாரத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்தால் அங்குள்ள நீதிமன்றத்தில் அரபு வாசகமே செல்லும். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. தொழுகையாளிகளுக்கு இறங்கிய கட்டளைதான் அது. பத்திரம் இருந்தால் பணமும் நிற்கும், உறவும் நிற்கும்.

தாய்மார்களே, சகோதரிகளே! நகையைக் கழற்றிக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். லைசென்ஸில் யார் பெயர்? பங்கு எவ்வளவு என்று எழுதியாயிற்றா? செக்கில் யார் கையெழுத்து? மூன்றுக்கும் தெளிவான பதில் வராதவரை பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் பிள்ளைகளின் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.