மூன்று நாளில் ஒரு மாடி: ஷென்சென் தரும் பாடம்

"ஷென்சென் வேகம்" என்று சீனாவில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் பிறந்த இடம், ஹொங்கொங் எல்லையோரம் லுவோஹு பகுதியில் நிற்கும் சர்வதேச வர்த்தக மையக் கட்டடம். 'குவோமாவோ' என்பது அதன் சுருக்கப் பெயர். 53 மாடிகள், 160 மீற்றர் உயரம். 1985இல் வேலை முடிந்தபோது சீனப் பெருநிலத்தில் அதைவிட உயர்ந்த கட்டடம் இருக்கவில்லை.

ஷென்சென் 1980இல்தான் விசேட பொருளாதார வலயமானது. இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அங்கே அலுவலகம் தேவைப்பட்ட 38 மாகாணங்களும் அமைச்சுகளும் கூட்டாக முதலிட்டன. அதாவது, பாவிக்கப் போகிறவர்களே பங்காளிகளானார்கள்.

அடுத்தது வேகம். கொங்கிரீட் ஊற்றும் அச்சைக் கழற்றி மாட்டாமல், ஜாக்கிகளால் மெல்ல மெல்ல மேலே நகர்த்தும் முறையைப் பாவித்தார்கள். கொங்கிரீட் இறுகுமுன் அச்சை உயர்த்தினால் சுவர் சரியும். பிந்தினால் அச்சோடு ஒட்டிப் பிய்ந்துவரும். முதலில் செய்த பரீட்சைகள் தோல்வியில் முடிந்தன. அவர்கள் முறையைக் கைவிடவில்லை, பிழையைத் தேடித் திருத்தினார்கள். ஆரம்பத்தில் ஒரு மாடிக்கு ஏழு நாட்கள் சென்றன. பிறகு அது ஐந்து, நான்கு என்று குறைந்து, மேல் மாடிகளில் மூன்று நாட்களானது.

1992 ஜனவரியில் டெங் சியாவோபிங் இதன் சுழலும் உணவகத்திலிருந்து நகரைப் பார்வையிட்டார். இன்று அதே நகரில் 599 மீற்றர் உயரமான பிங் அன் கட்டடம் நிற்கிறது. ஆனாலும் குவோமாவோவின் பெயர் மங்கவில்லை.

வியாபாரிகளான நாம் இதிலிருந்து எடுக்கக்கூடிய பாடங்கள் மூன்று:

1. பெரிய முதலீட்டைத் தனியே, வட்டிக் கடனில் சுமக்க வேண்டியதில்லை. அதனால் பயன்பெறப் போகிறவர்களைப் பங்காளிகளாக்கலாம். ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

2. வேகம் முதல் நாளே வராது. ஒரு கடையின் கணக்கும், இருப்பும், கடன் கொப்பியும் ஒழுங்காகுமுன் இரண்டாவது கிளை திறப்பவர், முதல் கடையின் குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறார். பலருடைய கைமுதல் கரைவது இப்படித்தான்.

3. ஒரு முறை சரிவரவில்லை என்றவுடன் தொழிலையே மாற்றாதீர்கள். எந்த இடத்தில் பிழைத்தது என்று பாருங்கள். அந்த இடத்தை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் செய்து பாருங்கள்.