வெயில் நேரமும் வேலை நேரமும்

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பத்மாவதி தாயாருக்குக் கார்த்திகையில் பிரம்மோற்சவம். விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் நிரம்பி வழியும். மின்சாரத் தேவை ஏறும் அந்த நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம் கவிந்து, மாடியிலுள்ள சோலார் தகடுகளின் உற்பத்தி குறையும். இந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சமாளிப்பவரே எரிசக்தி மேலாளர். எலக்ட்ரீஷியனும் பராமரிப்பு மேற்பார்வையாளரும் இந்த வேலைக்கு உயரலாம்.

இதற்கான பாடம் அருகே மலைமேலேயே இருக்கிறது. திருமலை அன்னதானச் சமையலுக்கு 2002-இல் சூரிய நீராவி அமைப்பு வந்தது. வெயிலைக் குவிக்கும் தட்டுகள் 106. நாளுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் திறன். டீசல் கொதிகலனையும் அதனுடன் இணைத்தே வடிவமைத்தார்கள். வெயில் அடித்தால் டீசல் மிச்சம். மேகம் வந்தாலும் பந்தி நிற்காது. அதுதான் வடிவமைப்பின் நோக்கம்.

வேலையில் இறங்குபவர் செய்ய வேண்டியவை:

1. பில்லைப் படியுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் 12 மாத பில்களைத் தனித்தனியே அடுக்குங்கள். உயர் அழுத்த இணைப்பு என்றால் யூனிட்டோடு உச்சத் தேவையையும் குறியுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு.

2. நேரத்தை மாற்றுங்கள். தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம் இரண்டையும் காலை 10 முதல் பிற்பகல் 3 மணிக்குள் ஓட்டுங்கள். பகலில் நிரப்பிய மேல்நிலைத் தொட்டி இரவு மோட்டாருக்கு ஓய்வு தரும். பேட்டரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

3. தேவையைக் குறையுங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள்.

4. பிறகு சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும்; நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். நெட் மீட்டர் விவரங்களுக்குத் திருப்பதியிலேயே தலைமையகம் கொண்ட ஆந்திரத் தென் மண்டல மின் விநியோக நிறுவனத்தை அணுகலாம்.

தகுதிக்கு இரண்டு வழிகள். ஐடிஐ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி. பொறியியல் பட்டம் அல்லது டிப்ளமோவுடன் அனுபவமும் உள்ளவர்களுக்கு எரிசக்தித் திறன் பணியகத்தின் தேசியத் தேர்வு: மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது வேலை செய்யும் கட்டடத்தில் ஒரு வாரம், மணிக்கொரு முறை மீட்டர் அளவைக் குறியுங்கள். எந்த நேரத்துச் சுமையை வெயில் நேரத்துக்கு நகர்த்தலாம் என்று ஒரு தாளில் எழுதி நிர்வாகியிடம் கொடுங்கள். பணம் மிச்சமாகும் வழியைக் கணக்கோடு காட்டுபவரை எந்த நிர்வாகமும் விடாது.