யார் செய்த பாவமும் இல்லை!

அப்பா அம்மாவுக்கு நல்லா காது கேட்கும். பிள்ளைக்குப் பிறவியிலேயே கேட்காது. "யாரு செஞ்ச பாவமோ" என்பார்கள். அது தப்பு!

உள்காதில் நத்தை ஓடு மாதிரி இருப்பது காக்ளியா. அங்குள்ள செல்களுக்கு நடுவே குட்டிக் குட்டி வாய்க்கால்கள் உண்டு. பொட்டாசியமும் சத்துப் பொருள்களும் அதன் வழியே போகும். அந்த வாய்க்காலைக் கட்டும் புரதம் கனெக்சின் 26. அதற்கான ஜீன் ஜி.ஜே.பி.2, அது 13-வது குரோமோசோமில் உள்ளது. ஜீன் பழுதானால் காது கேட்காமல் போகலாம் என்று 1997-ல் கண்டறிந்தார்கள்.

இந்த ஜீன் நம்மிடம் இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் காது கேட்கும். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிப்பு வர 4-ல் 1 வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தால், இருவரிடமும் இந்தப் பழுது இருக்கும் வாய்ப்பு கூடும்.

இனி யாரையும் "செவிடு"ன்னு கூப்பிடாதீங்க. முகம் பார்த்துப் பேசுங்க!