ரிங்லெட்டில் காலூன்றுதல்: தோட்ட வேலைக்குப் புதிதாக வருவோருக்கான வழிமுறை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊரான ரிங்லெட், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களையும் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களையும் நம்பி வாழும் ஊராகும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியே ஆள் சேர்க்கும் முறை நடைமுறையில் இருந்தது. வந்தவர்களின் கூலியையும் குடியிருப்பையும் கண்காணிக்க 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் ஒரு முகவர் அமர்த்தப்பட்டிருந்தார். கங்காணி முறை மறைந்துவிட்டது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வருவோர் அதே சரிவுகளில் கொழுந்து எடுக்கிறார்கள்.

கனடா போன்ற நாடுகளில் புதிதாக வருவோருக்கு மொழிவகுப்பு, வீடு, வேலை, மருத்துவம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் காட்டித்தரும் குடியமர்வு நிலையங்கள் உள்ளன. மலேசியாவில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நிலையம் இல்லை; கூலி, வீடு, வேலை அனுமதி ஆகிய மூன்றும் முதலாளியின் கையிலேயே இருப்பதால், தோட்டத்துக்கு வெளியே எந்தக் காரியத்துக்கு எந்த வாசலைத் தட்டுவது என்பதை வந்தவர் தாமே அறிந்திருக்க வேண்டியுள்ளது. கீழ்க்காணும் படிகள் அந்த வாசல்களைத் தேவைப்படும் வரிசையில் காட்டுகின்றன.

முதல் படி ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே தொடங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாத இந்தியரின் கடவுச்சீட்டு, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது குடிபெயர்வு அனுமதி பெறவேண்டிய வகையைச் சேர்ந்தது. அந்த அனுமதியை வழங்குபவர் குடிபெயர்வோர் பாதுகாவலர் எனப்படும் நடுவண் அரசு அதிகாரி, அவரது அலுவலகம் ஒன்று சென்னையில் உள்ளது. ஆள் அனுப்பும் முகவர் உரிமம் பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' என்னும் அரசுப் பதிவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. இவ்வழியில் செல்வோர் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு, விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் தருகிறது.

இந்தப் படியில் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருப்பதால், "இப்போது அப்படியே போய்விடலாம், அனுமதியை அங்கே எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகர்கள் பெருகியிருக்கிறார்கள். அது சுற்றுலாவுக்கான சலுகையே தவிர வேலைக்கானதன்று. கெடு தாண்டித் தங்குவோரைச் சிறையில் அடைக்க மலேசியக் குடிநுழைவுச் சட்டம் இடம்தருகிறது; ஆகவே அப்படி அழைக்கும் தரகரை எவ்வளவு நெருங்கிய உறவினர் அறிமுகப்படுத்தியிருந்தாலும் மறுத்துவிடுவதே சரி.

இரண்டாம் படி மலைக்கு வந்த முதல் மாதத்துக்குரியது. வந்த 30 நாளுக்குள் 'ஃபோமெமா' எனப்படும் அயல்நாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். அதில் தேறிய பிறகே தற்காலிக வேலை அனுமதியான பி.எல்.கே.எஸ். கிடைக்கும். இந்த அனுமதிக்கான லெவி என்னும் ஆண்டுத் தீர்வையை 2018 முதல் முதலாளியே ஏற்கவேண்டும் என்பதால், சம்பளத்தில் அதைப் பிடிப்பதற்கு இடமில்லை. கடவுச்சீட்டை அலுவலகத்தில் "பத்திரமாக" வைத்துக்கொள்வதாகச் சொன்னால், பிறருடைய கடவுச்சீட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொண்டு, அனுமதி பெறும் பணி முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதை வைக்க இடமும் சட்டத்திலேயே இருக்கிறது: தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446ஆம் சட்டத்தின் விதிகள், விடுதி வகைத் தங்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், குறைந்தது 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. கடவுச்சீட்டு, வேலை அனுமதி, ஒப்பந்தம் ஆகியவற்றைப் படம்பிடித்து ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. பூட்டிய அலமாரியும் வெள்ளத்தில் போகும்.

மூன்றாம் படி கூலி பற்றியது. புதியவர் ஏமாறுவதும் மனம் உடைவதும் பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதற்கு மற்றெல்லாவற்றையும்விடக் கூடுதல் கவனம் வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐவருக்கும் குறைவானோரை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இது பொருந்துகிறது. இந்த வரம்பு அயல்நாட்டவருக்கும் உண்டு, கிலோக்கணக்கில் கூலி பெறுவோருக்கும் உண்டு. சாதாரண வேலை நேரம் முழுவதும் உழைத்த ஒருவருக்குக் கொழுந்தின் எடைப்படி மாதத்தில் 1,500 ரிங்கிட்தான் சேர்கிறது என்றால், மீதி 200 ரிங்கிட்டை முதலாளி சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கைக்கு வரவேண்டும்.

இவற்றை உறுதிசெய்ய உதவும் கருவி ஒரு சிறு குறிப்பேடுதான். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்தில், பெயர் கொடுத்த நேரத்தை முதல் பத்தியிலும், எந்த வேலை என்பதை இரண்டாம் பத்தியிலும், தராசில் கண்ட கிலோவை மூன்றாம் பத்தியிலும், ஈர இலைக்கென்றோ சாக்கின் எடைக்கென்றோ கழித்தால் அந்த எடையை நான்காம் பத்தியிலும் அன்றன்றே எழுதிவர வேண்டும். தராசு முள் நிற்கும்வரை அங்கேயே நின்று எண்ணைக் கண்ணால் பார்ப்பது எவரையும் சந்தேகிப்பதாகாது. அது உழைத்தவரின் உரிமை. மாத இறுதியில் சம்பளச் சீட்டை இந்தக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் முதலில் கிராணியிடம், அதாவது தோட்டக் கணக்கரிடம், நிதானமாகக் கேட்கலாம். பெரும்பாலான பிழைகள் அந்த மேசையிலேயே தீரக்கூடியவை. தீராதவற்றுக்கு இதே குறிப்பேடு பின்னர் சான்றாகும்.

நான்காம் படி உடல்நலம். அயல்நாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி 1 முதல் பெர்க்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். விபத்துக்கான சந்தா முழுவதும் முதலாளியுடையது. கத்தரியோ இயந்திரமோ வெட்டினாலும், சரிவில் வழுக்கி எலும்பு முறிந்தாலும், வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் சிகிச்சையும் விடுப்புக்கால உதவித்தொகையும் இத்திட்டத்தில் கிடைக்கும்; ஆனால் "வேலையில் நேர்ந்தது" என்பது மருத்துவமனைப் பதிவிலேயே இடம்பெற வேண்டும். அயல்நாட்டவருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் உள்நாட்டவருக்கானதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், இந்த ஒரு வரி விட்டுப்போனால் குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. ஆபத்து நேரத்தில் அழைக்கவேண்டிய எண் 999.

இடத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ரிங்லெட்டை அடுத்துள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. ஆற்றோரத்தில் தங்கவைக்கப்படும் புதியவர், எச்சரிக்கை ஒலி எப்படி இருக்கும், அது கேட்டால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டறிவது அவசியம்.

ஐந்தாம் படி தகராறு வரும்போது தேவைப்படுவது. காய்கறித் தோட்டங்களில் நாட்கூலி அதிகம் என்று கேள்விப்பட்டுச் சொல்லாமல் இடம்மாறுவது இந்த மலையில் ஒருவருக்கு எளிதில் வரக்கூடிய எண்ணமே. அதன் விலைதான் மிகப் பெரிது. பி.எல்.கே.எஸ். ஒரு முதலாளிக்கு மட்டுமே உரியது. ஓடிவிட்டார் என்று அவர் புகார் செய்தவுடன் தொழிலாளி சட்டவிரோதியாகி, நிலுவைக் கூலியைக் கேட்கவும் அஞ்சும் நிலைக்கு வருவார். அதற்கு மாறாகத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தால், வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி நடக்கும் தொழிலாளர் நீதிமன்ற விசாரணையில் வழக்குரைஞர் இல்லாமலேயே நிலுவையைக் கோரலாம். வழக்கு முடியும் முன் வேலை அனுமதி போய்விட்டால், குடிநுழைவுத் துறையிடம் சிறப்பு அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்துத் தங்க வேண்டும். கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில், 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தங்குமிடம், பயணச்சீட்டு, சட்ட உதவி ஆகியவற்றைக் கேட்கலாம். ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு புலம்பெயர் தொழிலாளர்களின் வழக்குகளில் துணைநிற்கிறது. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழரின் நிலை வேறு: மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாததால், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை ஓரளவு பாதுகாப்பாக அமைந்தாலும் வேலை அனுமதியாகாது.

கடைசிப் படி திரும்பிச் செல்வதற்கானது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயமாகியுள்ளது. தொழிலாளி 2 விழுக்காடும் முதலாளி 2 விழுக்காடும் செலுத்துகிறார்கள். நாட்டைவிட்டுச் செல்லும்போது இத்தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், சேமநிதி உறுப்பினர் எண்ணை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, மாதந்தோறும் பணம் சேர்கிறதா என்று கைபேசியில் பார்த்து, ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே எடுப்பதற்கான விண்ணப்பத்தைப் பற்றித் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு அந்தப் பணத்தைப் பெறுவது பல மடங்கு கடினமாகிவிடும்.