பழைய எஞ்சினும் புதிய வேகமும்

மோட்டார் எஞ்சினை அமைப்பவர் வேகம் ஒன்றை மட்டும் கருத்தில் கொள்வதில்லை. விலை மலிவாயிருத்தல், தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடுதல், கரடுமுரடான பாதைகளில் பல்லாண்டு உழைத்தல் ஆகியவற்றையும் அவர் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஒவ்வோர் எஞ்சினிலும் வெளிப்படாத திறன் ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. அத்திறனை வெளிக்கொணர்வதற்காகப் பழைய எஞ்சின்களைத் திருத்தி அமைக்கும் கலை அமெரிக்காவில் வளர்ந்தது. அவ்வாறு திருத்திய எஞ்சினைப் பொருத்தி, தேவையற்ற பாகங்களைக் களைந்த வண்டிக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். வெப்பவியல், உலோகவியல், இயக்கவியல் ஆகிய மூன்றின் விதிகளும் இக்கலையில் ஒரே பட்டறையில் சோதனைக்கு உள்ளாகின்றன. அவ்விதிகளுள் ஒன்றை மறந்தாலும் எஞ்சின் உடைந்து போகும்.

வறண்ட ஏரியில் ஓட்டம்

தென் கலிபோர்னியாவில் மியூராக் என்னும் வறண்ட ஏரி இருக்கிறது. அதன் படுகை கெட்டியான களிமண்ணால் ஆனது; பல மைல் தூரம் மேடு பள்ளமின்றிப் பரந்து கிடப்பது. 1920-களிலும் 1930-களிலும் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டார இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளை அங்கே கொண்டுசென்று வேகத்தைச் சோதித்தார்கள். இவ்வோட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தென் கலிபோர்னிய நேரக் கணிப்புச் சங்கம் நிறுவப்பட்டது. பின்னர் மியூராக் படுகை ராணுவ விமானத் தளமாயிற்று. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் அடங்கியுள்ளது. ஓட்டங்கள் எல் மிராஜ் என்னும் மற்றொரு வறண்ட ஏரிக்கு மாறின. 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் படுகையிலும் அவை நடைபெறலாயின. பழைய நான்கு ஸிலிண்டர் எஞ்சின்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு.

மூல எஞ்சின்கள்

1908 முதல் 1927 வரை 150 லட்சத்திற்கும் மேற்பட்ட டி மாடல் ஃபோர்டு கார்கள் உற்பத்தியாயின. அதன் எஞ்சினுடைய திறன் 20 குதிரைச் சக்தி. அடுத்து, 1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஏ மாடல் வெளிவந்தது. இதில் ஸிலிண்டரின் விட்டம் 9.84 சென்டிமீட்டர், பிஸ்டன் செல்லும் தூரம் 10.8 சென்டிமீட்டர், நான்கு ஸிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 3,285 கன சென்டிமீட்டர். நிமிஷத்திற்கு 2,200 சுற்றில் இது 40 குதிரைச் சக்தி தந்தது. 1932-இல் வந்த பி மாடலில் இத்திறன் 50 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில் ஃபோர்டு கம்பெனி 65 குதிரைச் சக்தியுள்ள எட்டு ஸிலிண்டர் எஞ்சினையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் நான்கு ஸிலிண்டர் எஞ்சினின் இயல்பை நன்கு அறிந்திருந்தவர்கள் அதனை உடனே கைவிடவில்லை.

அமுக்க விகிதம்

பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கும்போது ஸிலிண்டரில் உள்ள இடத்தை, அது மேல் எல்லையில் இருக்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். ஏ மாடலில் இது 4.22. ஒரு ஸிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 821 கன சென்டிமீட்டர், அதை 3.22-ஆல் வகுத்தால், எரியறையின் கொள்ளளவு 255 கன சென்டிமீட்டர் என்று தெரியவரும். விகிதத்தை 6 ஆக்க விரும்பினால், 821-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். எரியறை 164 கன சென்டிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஸிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சீவியோ, சிறிய எரியறை கொண்ட வேறு தலையைப் பொருத்தியோ இதனைச் செய்யலாம்.

இதனால் விளையும் பயனையும் கணக்கிடலாம். வெப்பவியல் விதிப்படி, விகிதம் 4.22-லிருந்து 6 ஆகும்போது எரிபொருளின் வெப்பம் வேலையாக மாறும் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. இது கொள்கையளவில் கிடைக்கும் எண். நடைமுறையில் சிறிது குறையும். அந்நாளைய பெட்ரோல் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது, ஒழுங்காக எரியாமல் வெடித்து, பிஸ்டனில் சுத்தியால் அடிப்பது போன்ற 'தட்டலை' உண்டாக்கியது. முதலில் குறைந்த விகிதம் வைக்கப்பட்டதற்கு அதுவே முக்கிய காரணம். இன்றைய பெட்ரோலுக்கு 6 என்பது எளிதில் தாங்கக்கூடிய விகிதமே.

மூச்சுவிடும் வழி

எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்ளுகிறதோ அவ்வளவுக்கே பெட்ரோலை எரிக்க முடியும். மேற்கூறிய ஃபோர்டு எஞ்சின்களில் வால்வுகள் ஸிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்தவை. கலவை மேலேறிப் பக்கவாட்டில் திரும்பிய பிறகே ஸிலிண்டருக்குள் இறங்குகிறது. மேலும், இரண்டு ஸிலிண்டர்களுக்கு ஒரே உள்வழி. மெதுவான ஓட்டத்தில் இக்குறை தெரியாது; வேகம் கூடும்போது எஞ்சின் மூச்சுத் திணறும்.

இதற்குப் பலர் தீர்வு கண்டனர். லூயி ஷெவ்ரலே சகோதரர்கள் டி மாடலுக்கு வால்வுகளை மேலே கொண்ட ஃபிரான்டெனாக் தலையைச் செய்தனர். அத்தகைய தலை பொருத்திய ஃபோர்டு வண்டி ஒன்று 1923-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. ஏ, பி மாடல்களுக்கு ஜார்ஜ் ரைலி செய்த தலைகளுள் ஒன்றில் ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் தனி உள்வழி இருந்தது. எட் வின்ஃபீல்டு கார்புரேட்டர்களிலும், வால்வுகளை அதிக உயரம், அதிக நேரம் திறந்து வைக்கும் காம் தண்டுகளிலும் பெயர் பெற்றார். வால்வு நீண்ட நேரம் திறந்திருந்தால் உயர்ந்த வேகத்தில் திறன் மிகும். ஆனால் தாழ்ந்த வேகத்தில் எஞ்சின் தடுமாறும். ஆகவே, சாலையில் ஓடும் வண்டிக்கும் ஏரிப் படுகையில் ஓடும் வண்டிக்கும் ஒரே காம் தண்டு பொருந்தாது.

வேகத்தின் விலை

இதுவரை கூறியவை எஞ்சினின் மேற்பகுதியைச் சார்ந்தவை. அவற்றின் விளைவைத் தாங்கவேண்டியது கீழ்ப்பகுதி. பிஸ்டன் மேல் எல்லையை அடைந்து திரும்பும் கணத்தை நோக்குக. நிமிஷத்திற்கு 2,200 சுற்றில், பிஸ்டனோடு மேலும் கீழும் செல்லும் ஒவ்வொரு கிலோகிராம் எடையும் இணைப்புத் தண்டை ஏறத்தாழ 375 கிலோகிராம் விசையுடன் இழுக்கிறது. சுற்று 4,400 ஆனால் இவ்விசை இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 1,500 கிலோகிராமை எட்டுகிறது.

ஏ மாடலின் கிராங்குத் தண்டு மூன்று பேரிங்குகளில் மட்டும் தாங்கப்பட்டு, எதிர் எடைகள் இன்றி அமைந்தது. நடுப் பேரிங்கின் இரு புறமும் உள்ள கிராங்குகள் ஒரே திசையில் நிற்பதால், அவ்விரண்டின் விசையும் அதன்மேல் சேர்ந்து விழுகிறது. பேரிங்குகளில் வார்க்கப்பட்ட பாபிட் உலோகம் வெள்ளீயம், செம்பு, ஆன்டிமனி ஆகியவை கலந்த மென்மையான கலவை. மிதமிஞ்சிய தாக்குதலில் அது வெடிப்புற்று உதிர்ந்துவிடும். இணைப்புத் தண்டின் பேரிங்குக்கு எண்ணெய், அதன் அடியில் உள்ள சிறு கரண்டி தொட்டியிலிருந்து வாரியடிப்பதால் மட்டுமே கிடைக்கிறது. எண்ணெய்ப் படலம் அறுந்தால் உலோகம் உருகும். தண்டு முறிந்து எஞ்சினின் சுவரைப் பிளந்துகொண்டு வெளிவரும்.

செய்முறை வரிசை

இக்காரணத்தால் தேர்ந்த தொழிலாளர்கள் வேலையைக் கீழிருந்தே தொடங்குகிறார்கள்.

முதலில், ஸிலிண்டர் வார்ப்பை நன்கு கழுவி, அதைக் காந்தப்படுத்தி இரும்புத் தூளைத் தூவி ஆராய வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத கீறல்களின்மேல் தூள் கோடாகப் படியும். வால்வு இருக்கைக்கும் ஸிலிண்டருக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதியில் கீறல் விழுவது வழக்கம்.

இரண்டாவது, கிராங்குத் தண்டைத் தேர்ந்தெடுத்தல். ஏ மாடலில் பேரிங்கில் அமரும் பகுதியின் விட்டம் 4.13 சென்டிமீட்டர், பி மாடலில் 5.08. விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. ஆதலால் இச்சிறு வேற்றுமை அப்பகுதியின் விறைப்பை இரு மடங்குக்கும் மேலாக்குகிறது. எதிர் எடைகளைச் சேர்த்து, தண்டைச் சுழற்றிச் சமன்செய்ய வேண்டும். நான்கு பிஸ்டன்களும் நான்கு இணைப்புத் தண்டுகளும் ஒத்த எடையுள்ளவையாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். கிராங்குத் தண்டில் துளையிட்டு, பம்பின் அழுத்தத்தால் எண்ணெய் இணைப்புத் தண்டின் பேரிங்கு வரை செல்லும்படி செய்தல் நலம். வார்ப்பு பாபிட்டுக்குப் பதிலாக, மாற்றக்கூடிய மெல்லிய எஃகு ஓட்டுப் பேரிங்குகளையும் பொருத்தலாம்.

நான்காவது, பிளைவீல். 25 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அதன் எடையைக் குறைத்தால் எஞ்சின் விரைவில் வேகம் பிடிக்கும். ஆனால் வார்ப்பிரும்பை அளவுக்கு மீறிக் கடைந்தால், உயர்ந்த சுற்றில் அது சிதறி ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

இவை முடிந்த பின்னரே ஸிலிண்டர் தலை, காம் தண்டு, கார்புரேட்டர் ஆகியவற்றைத் தொடவேண்டும். ஒவ்வோர் எரியறையிலும் பியூரெட்டிலிருந்து திரவத்தை ஊற்றி, நான்கின் கொள்ளளவும் சமமா என்று அளப்பது அவசியம். ஒன்று சிறியதாயின் அந்த ஸிலிண்டரில் மட்டும் தட்டல் தோன்றும்.

வரிசையை மாற்றி மேற்பகுதியில் தொடங்குபவருக்குத் திறன் உடனே கிடைக்கும். முதல் நீண்ட ஓட்டத்திலேயே நடுப் பேரிங்கு போய்விடும். பல்லாண்டு பழமையான வார்ப்பு ஒருமுறை பிளந்தால், செலவிட்ட பணமும் மாதக்கணக்கான உழைப்பும் அத்துடன் வீணாகும். ஆதலால் புதிய தலையை வாங்குமுன் கிராங்குத் தண்டை ஆராய்வதே சிக்கனம்.