வாயடைக்காத சமாதானம்

அன்புள்ள மகளுக்கு,

ஊரில் இனப்பேச்சு சூடேறும்போதெல்லாம் ஜெபத்தில் மனம் நிற்பதில்லை, பயமும் கோபமும் மாறிமாறி வருகின்றன என்று எழுதியிருக்கிறாய். அதற்காக விசுவாசம் குறைந்துவிட்டது என்று உன்னையே நீ குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கஹவத்தையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வன்செயல் நடந்தது. 1981இல் கஹவத்தையும் தப்பவில்லை. லயங்களை விட்டு ஓடியவர்களில் பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். இந்த மண்ணில் பயம் வந்தால் அது ஞாபகம். அவிசுவாசம் அல்ல.

கிறிஸ்துவுக்குள் கிடைக்கும் சமாதானம் என்பது இதையெல்லாம் மறந்துவிட்டு அமைதியாக இருப்பது என்று நமக்குச் சிலர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். கடவுளையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் வரிகள் அவற்றில் உண்டு. அநியாயத்தை அநியாயம் என்றே அவர் முன் கொட்டிவிடலாம் என்பதால்தான், அதைப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் கொட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லாமல் போகிறது. லூக்கா நான்காம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பார். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசுவின் பேச்சை மெச்சிய அதே மக்கள், கடவுளின் தயை சீதோனிய விதவைக்கும் சீரியனான நாகமானுக்கும் போனதை அவர் நினைவூட்டியவுடனே அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். சொந்த இனத்துக்குக் கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் அந்தக் கூட்டத்தின் நடுவாகவே கடந்து போனார். சமாதானம் என்று நான் சொல்வது அந்த நடையைத்தான்.

நம் நாட்டிலும் அப்படி நடந்தவர்கள் உண்டு. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க சிங்களவர். 1983 யூலைக் கலவரத்தின்போது வெளிநாட்டில் இருந்தவர், திரும்பி வந்து, தமிழருக்கு நடந்தது பெரும் அறக்கேடு, சிங்களவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் மறைமாவட்டத்துக்கே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே 56 வயதில் காலமானார். கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய யேசு சபை அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், இனங்களுக்கிடையில் நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை 1979இல் உருவாக்கியவர்களில் ஒருவர். ஜெபிக்கிறவர்கள் அநீதியைப் பார்த்துச் சும்மா இருப்பார்கள், மதம் ஒரு மயக்க மருந்து என்று உன் தோழிகள் சொன்னால், இந்த இருவரையும் என்ன செய்வது என்று கேள்.

ஆயருக்குப் பேச மேடை இருந்தது, லயத்தில் இருக்கிறவளுக்கு என்ன இருக்கிறது என்று நீ திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்து வாசலுக்கு வந்தால் ஓடு, ஆட்களைக் கூப்பிடு, பொலிசுக்குச் சொல். தப்பி ஓடுவது விசுவாசத்துக்கு விரோதமல்ல, குழந்தை இயேசுவையே எகிப்துக்குக் கொண்டு ஓடினார்கள். இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது: மன்னிப்புக் கேட்காதவனை எப்படி மன்னிப்பது? மன்னிப்பது பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. வழக்கையோ சாட்சியத்தையோ நட்டஈட்டையோ கைவிடச் சொல்லி யாரும் உன்னிடம் கேட்க முடியாது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படி நடந்தார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். சிங்களவரும் தமிழரும் ஒரே அப்பத்தைப் பங்கிடும் சபை நம்முடையது, ஆனாலும் எத்தனையோ பேர் இனத்தின் பக்கமே சாய்ந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அடுத்த மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, ‘நமக்கென்ன’ என்ற குரல் நம் ஆட்களிடமும் எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஞாயிறு மன்றாட்டில் உன் முறை வந்தால், ‘நாட்டின் சமாதானத்துக்காக’ என்று பொதுவாக முடித்துவிடாதே. 1981இல் வீடிழந்தவர்களைச் சொல், உங்கள் ரோட்டுச் சிங்களக் குடும்பங்களையும் சொல். யாராவது முகம் சுளித்தால், ஆராதனை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசு.

அன்புடன்,
பெரியப்பா