பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்



பிள்ளையின் புத்தகப் பையில் பாடசாலையிலிருந்து வருஷா வருஷம் வந்து சேரும் கடிதங்களைப் பற்றி இந்த முறை படிப்போம். "இதில் படிக்க என்ன இருக்கு?" என்று நினைப்பீர்கள். முதலில் என் ஆபீசில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு, ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். வேறு ஏதோ அலுவலுக்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டது. ஒரு சிலிசிலி பேக்கில் வீட்டிலிருந்த கடுதாசி எல்லாவற்றையும் போட்டுக் கொண்டு வந்திருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதற்குள் ஒட்டியபடியே, பிரிக்காமல் இரண்டு கடித உறைகள் இருந்தன. இரண்டும் மகள் படிக்கும் பாடசாலை அதிபர் அனுப்பியவை.

"ஏன் தாயி இதைப் பிரிக்கல?" என்று கேட்டேன்.

"காசு கேட்டு எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேங்க ஐயா. கையில காசு இல்ல. அதான் பிரிக்காம வச்சிட்டேன்" என்றார்.

பிரித்து வாசித்தேன். காசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "உங்கள் மகள் பல நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. தயவுசெய்து வந்து என்னைச் சந்தியுங்கள்" என்று முதல் கடிதம். வராவிட்டால் பாடசாலை வருகைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டிவரும் என்று இரண்டாவது கடிதம். மகளுக்கு வயது 14. கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி படுக்கையில் விழுந்ததால், பிள்ளை பார்க்க மகளை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதோடு, அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பவும் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். மறு வாரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அந்தக் கடிதத்தை அன்று பிரிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

ஒரு காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் துரைமாரின் பொறுப்பில் இருந்தது. ஒரு வாத்தியார், ஒரு மண்டபம், கீழ் வகுப்புகளோடு படிப்பு சரி. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தாலும், 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பலன் நம்ம லயங்களுக்கு ஒழுங்காக வந்து சேர ஆரம்பித்தது.

1997இல் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் வெளியாகின. 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆகவேண்டும் என்பது அதன் விதி. 2016இல் அது 16 வயது வரை என்று கூட்டப்பட்டது. பிள்ளையை அனுப்பும் கடமை பெற்றோருக்கு. பிள்ளை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடிப் பார்க்க வருகைக் குழுக்கள் இருக்கின்றன. அதிபர் கடிதம் எழுதுவது கோபத்தில் அல்ல, அது அவருடைய கடமை.

வேலைக்கும் இப்போது அதே வயதுதான். 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால், பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. "பதினாலு முடிஞ்சிருச்சு, அனுப்பலாம்" என்று தரகர் சொன்னால், அது பழைய கதை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

என்னென்ன கடிதங்கள் வரும்?

1. தரம் 1 அனுமதி. வருகிற வருஷம் ஜனவரி 31ஆம் திகதி 5 வயது பூர்த்தியாகும் பிள்ளைக்கு, இந்த வருஷமே விண்ணப்பிக்க வேண்டும். கல்வி அமைச்சு பத்திரிகைகளில் அறிவித்தல் போடும். முடிவுத் திகதி போனால் பிறகு அலைச்சல்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும், நீங்கள் அங்கே குடியிருப்பதற்கான ஆதாரத்தையும் கேட்பார்கள். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்களுக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது பெரிய பலம். அதனால் கிராம சேவகர் அந்தப் படிவத்தைக் கொண்டுவரும்போது "வோட்டு விசயம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அது பிள்ளையின் படிப்பு விசயமும்கூட.

2. பிறப்புப் பத்திரம் கேட்டு வரும் கடிதம். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு வழியில் போகவேண்டும், கூடுதல் பத்திரங்களும் தேவைப்படும். பத்திரம் கிடைத்ததும் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர், தகப்பனின் அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. நம்ம தோட்டங்களில் இந்தக் குழப்பம் அதிகம். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. அடையாள அட்டை விண்ணப்பம். 15 வயது முடிந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளின் விண்ணப்பம் அதிபர் மூலமாகப் போகும். ஓ.எல். பரீட்சைக்கு அது தேவை. பெயர்க் குழப்பம் இருந்தால் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் இருந்தே விண்ணப்பிக்க வழி உண்டு. ஆபீசில் வந்து கேளுங்கள்.

4. தடுப்பூசி, வைத்தியப் பரிசோதனை. சுகாதார உத்தியோகத்தர்கள் பாடசாலைக்கு வரும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. மலைக்கு மலை வதந்தி பரவும். அதைக் கேட்டு அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல், சந்தேகத்தை மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

5. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பெற்றோர் எல்லாருக்கும் இதில் இடம் உண்டு. வருஷாந்தக் கூட்டத்தில் போன வருஷத்து வரவு செலவு வாசிப்பார்கள். நாம் போகாவிட்டால் டவுனில் இருப்பவர்களே எல்லாவற்றையும் தீர்மானிப்பார்கள். பிறகு பிரட்டுக்களத்தில் நின்று முணுமுணுத்துப் பிரயோசனம் இல்லை.

6. விடுகைப் பத்திரம். வேறு தோட்டத்துக்குக் குடிபோகும்போது இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் புதிய பாடசாலையில் பிள்ளை நாள் கணக்காக வெளியே நிற்க நேரும்.

தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

காசு: அரசாங்கப் பாடசாலையில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. பாடப் புத்தகம் 1980இலிருந்தும், சீருடைத் துணி 1993இலிருந்தும் இலவசம். வேறு ஏதாவது தேவைக்குப் பணம் கேட்டால், எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்தால் ரசீது வாங்குங்கள். கொடுக்க முடியாவிட்டால் அதிபரிடம் நேரே சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.

அடி: பிள்ளைகளை அடித்துத் தண்டிப்பதைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபமும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் தடுக்கின்றன. முதலில் அதிபரிடம் பேசுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. பிள்ளைக்கு எந்த விதமான கொடுமை நடந்தாலும், பாடசாலையிலோ வீட்டிலோ, 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

மொழி: தமிழ் மொழியில் படிக்கவும், அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்கவும் அரசியலமைப்பில் உரிமை உண்டு. கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் "தமிழில் தாருங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை.

தகவல்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரசாங்க அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வாசிக்கத் தெரியாவிட்டால்?

அதில் வெட்கம் வேண்டாம். படிக்க வேண்டிய வயதில் நம்ம தாய்மாரைக் கொழுந்துக் கூடையோடு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அது அவர்கள் குற்றமா?

என் பிழையையும் சொல்கிறேன். முன்பெல்லாம் பாடசாலையிலிருந்து அறிவித்தல் வந்தால் ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டு, என் வேலை முடிந்தது என்று இருந்தேன். வாசிக்கத் தெரியாதவருக்குப் பலகையில் ஒட்டினால் யாருக்குப் பிரயோசனம்? அந்தத் தாய் வந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது பிரட்டுக்களத்தில் காலையில் சத்தமாக வாசிக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது மூன்று.

ஒன்று: வீட்டில் ஓர் ஆணி அடித்து ஒரு பையை மாட்டுங்கள். பாடசாலைக் கடிதமெல்லாம் அதில் மட்டும் இருக்கட்டும். சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகினால் கரையான்தான் வாசிக்கும்.

இரண்டு: கடிதம் வந்த அன்றைக்கே பிரியுங்கள். பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் பிழையைப் பற்றிய கடிதம் என்றால் பிள்ளை மாற்றி வாசிக்கவும் கூடும்! அப்போது பக்கத்துக் காம்பராவில் படித்தவரிடமோ, பிள்ளைக் காம்பரா மிஸ்ஸிடமோ, என்னிடமோ கொண்டு வாருங்கள்.

மூன்று: திகதி எது, கையெழுத்து எங்கே, பதில் வேண்டுமா என்று கேளுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை?

மறுநாளே அந்தத் தாயும் நானும் அதிபரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஏசவில்லை. "வந்தீங்களே, அது போதும்" என்றார். கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் சேர்த்தோம். கொழும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பினோம். அடுத்த திங்கட்கிழமை மகள் வெள்ளைச் சட்டையோடு பாடசாலைக்குப் போனாள். பின்பு ஓ.எல். பரீட்சையும் எழுதினாள். இத்தனையும் நடந்தது ஒரு கடித உறையைப் பிரித்ததால்தான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் பிரிக்காத பாடசாலைக் கடிதம் ஏதாவது இருக்கிறதா?

2. பிள்ளையின் பெயர் பிறப்புப் பத்திரத்திலும் பாடசாலை இடாப்பிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?

3. உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா?

4. உங்கள் லயத்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை யாராவது பாடசாலைக்குப் போகாமல் இருக்கிறதா? அந்த வீட்டுக்கு இந்தப் பாடத்தை யார் வாசித்துக் காட்டப் போகிறீர்கள்?